ஆணைகளின் நாடு – 9: நூற்றுப் பத்தொன்பதாம் விதி

1936 ஜூன் மாத நடுவில், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தின் யாஃபா நகரத்துக்கு மேல் பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டின. பழைய நகரம் நெரிசலாக இருக்கிறது, காற்றும் வெளிச்சமும் இல்லை, சுகாதாரக் கேடு. எனவே நல்ல சாலைகள் போடுவதற்காக அரசு சில கட்டடங்களை அப்புறப்படுத்தப்போகிறது, குடியிருப்போர் உடனே காலி செய்யவேண்டும் என்று அவற்றில் இருந்தது. ஓரிரு நாளில் ராணுவப் பொறியாளர்கள் வெடிமருந்தோடு வந்துவிட்டார்கள். சந்துகளின் நடுவே கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று என அகன்ற பாதைகள் திறந்தன. மேலிருந்து எடுத்த படங்களில் அது நங்கூரம் போலத் தெரியும். 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விழுந்தன. சுமார் 6,000 பேர் கடற்கரையிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்க இடம் தேடினார்கள்.

சென்ற பகுதியில் 1936 ஏப்ரலில் தொடங்கிய அரபுப் பொது வேலைநிறுத்தத்தில் நிறுத்தியிருந்தோம். யாஃபா துறைமுகம்தான் அந்த வேலைநிறுத்தத்தின் மூச்சு. பழைய நகரத்தின் சந்துகளுக்குள் போலீஸால் நுழைய முடியவில்லை. மொட்டை மாடிகளிலிருந்து துப்பாக்கிகள் சுட்டன. சுட்டவர் யார் என்று கண்டுபிடிப்பதைவிடச் சந்துகளையே இல்லாமல் செய்வது அரசுக்கு எளிதாக இருந்தது. நகரத்தில் இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஆனாலும் பிரசுரத்தில் நகர அபிவிருத்தி என்றுதான் அச்சிட்டார்கள்.

இடிப்பை எதிர்த்த வழக்கு தலைமை நீதிபதி சர் மைக்கேல் மெக்டொனெல் முன் போனது. அவசர அதிகாரம் அரசின் கையில் இருந்தது, சட்டம் அரசின் பக்கமே நின்றது. ஆனால் தீர்ப்பில் அவர் நிர்வாகத்தை விட்டுவைக்கவில்லை. ராணுவக் காரணத்துக்காக இடிக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லியிருக்கவேண்டும். அழகுபடுத்துகிறோம் என்று மக்கள் கண்ணில் மண்ணைத் தூவியது தவறு என்று எழுதினார். அரபு அமைப்புகள் அந்தத் தீர்ப்பை அச்சடித்து ஊரெங்கும் கொடுத்தன. மெக்டொனெல் அதிக நாள் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை.

யாஃபாவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இன்று இஸ்ரேல் - பாலஸ்தீன விவகாரத்தில் 'கூட்டுத் தண்டனை' என்ற சொல் வந்தாலே இரு தரப்பும் 1967-லிருந்து வாதத்தை ஆரம்பிக்கின்றன. இந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் இஸ்ரேல் என்றொரு நாடே இல்லை. கருவியைச் செய்தவர் வேறு, எடுத்துக்கொண்டவர் வேறு.

செய்தவர்களுக்குப் பழக்கம் அதிகம். இந்தியாவில் 1861 போலீஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீஸை நிறுத்தி, அதன் செலவை ஊர்மக்கள் தலையிலேயே கட்ட வழிசெய்தது. வடமேற்கு எல்லைப்புறத்தில் 1901-இன் எல்லைக் குற்ற ஒழுங்குமுறை, ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் கிராமத்துக்கே அபராதம் விதிக்க அனுமதித்தது. பாலஸ்தீனத்தில் 1921 யாஃபா கலவரத்துக்குப் பிறகு அரபு ஊர்களுக்குக் கூட்டு அபராதம் போட்டார்கள். 1926-இல் கூட்டுத் தண்டனை அவசரச் சட்டம் என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. பெயரில் ஒளிவுமறைவு இல்லை, அந்த மட்டில் பாராட்டலாம். 1929-இல் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டபோது அந்தச் சட்டத்தின்கீழ் ஊருக்கே அபராதம் விழுந்தது. அன்று பல யூதக் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அரபு அண்டைவீட்டார்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

1937 டிசம்பரில் வந்து சேர்ந்தவர் சர் சார்லஸ் டெகார்ட். கல்கத்தா போலீஸ் கமிஷனராக இருந்தவர். வங்கப் புரட்சியாளர்கள் பலமுறை குறிவைத்தும் தப்பித்தவர்; 1924-இல் கோபிநாத் சாஹா அவர் என்று நினைத்து வேறொரு ஆங்கிலேயரைச் சுட்ட கதை வங்காளத்தில் எல்லோருக்கும் தெரியும். பாலஸ்தீனத்தில் அவர் யோசனைப்படி எழுந்த கான்கிரீட் போலீஸ் கோட்டைகளை இன்றும் டெகார்ட் கோட்டைகள் என்றே சொல்கிறார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளை விரிவாக எழுத மனம் வரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1938 ஆகஸ்டில் ஜெனின் நகரில் உதவி மாவட்ட ஆணையர் ஒருவர் தன் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். பதிலுக்கு நகரத்தின் கணிசமான பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செப்டம்பரில் அல்-பஸ்ஸா கிராமத்தருகே கண்ணிவெடியில் சிப்பாய்கள் இறந்தார்கள். கிராமம் எரிந்தது, சுமார் 20 பேர் கொல்லப்பட்டார்கள். 1939 மே மாதம் ஹல்ஹுல் கிராமத்தில், ஒளித்துவைத்த துப்பாக்கிகளைத் தரும்வரை ஆண்களை வெயிலில் முள்வேலிக்குள் தண்ணீர் போதாமல் அடைத்துவைத்தார்கள். அதில் பலர் செத்தார்கள். கண்ணிவெடிக்குப் பயந்து ரயில் எஞ்சினுக்கு முன்னே அரபுக் கைதிகளை உட்காரவைத்து ஓட்டினார்கள். 1936-க்கும் 1940-க்கும் இடையே இடிக்கப்பட்ட வீடுகள் சுமார் 2,000 என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு.

இந்த நடைமுறைகளெல்லாம் சேர்ந்து 1945 செப்டம்பரில் பாதுகாப்பு (அவசரநிலை) விதிகள் என்ற தொகுப்பாக வெளிவந்தன. அதில் 119ஆம் விதிதான் நம் நாயகன், அல்லது வில்லன். ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கி சுடப்பட்டது என்று ராணுவத் தளபதி சந்தேகித்தால் அந்த வீட்டைப் பறிமுதல் செய்து இடிக்கலாம். அது மட்டுமா? ஓர் ஊரில், ஒரு வட்டாரத்தில், ஒரு தெருவில் வசிப்பவர்களில் சிலர் வன்முறைக் குற்றம் செய்தார்கள் என்று அவர் திருப்தியடைந்தால் அந்த ஊரின், வட்டாரத்தின், தெருவின் எந்த வீட்டையும் இடிக்கலாம். விசாரணை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், குற்றப்பத்திரிகைகூட வேண்டாம். தளபதியின் திருப்தி ஒன்று போதும்.

1945-இல் இந்த விதிகள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டன? அப்போது பிரிட்டனோடு மோதிக்கொண்டிருந்தவை யூத ரகசிய இயக்கங்கள். எனவே முதலில் கூச்சலிட்டவர்களும் யூத வழக்கறிஞர்களே. 1946 பிப்ரவரியில் டெல் அவீவில் கூடிய அவர்களின் மாநாட்டில் யாகோவ் ஷிம்ஷோன் ஷபிரா, நாகரிக நாடு எதிலும் இப்படியொரு முறை இல்லை, நாஜி ஜெர்மனியில்கூட இல்லை என்றார். ஐரோப்பாவில் வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்டுச் சுமார் ஓராண்டே ஆன நேரத்தில் ஒரு யூதர் பேசிய பேச்சு இது. அந்த ஒப்பீடு மிகைதான். அவர் அதை மிகை என்று நினைக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

அதே ஆண்டு ஜூலை 22. ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் இர்குன் என்ற யூத ரகசிய இயக்கம் வைத்த குண்டில் 91 பேர் இறந்தார்கள், பிரிட்டிஷார், அரபுகள், யூதர்கள் எல்லோரும் அதில் உண்டு. பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பார்க்கர் தன் படைகளுக்கு அனுப்பிய உத்தரவில் யூதக் கடைகள், ஹோட்டல்கள், வீடுகள் எதற்கும் போகக்கூடாது என்றார். இந்த இனத்துக்கு எங்கே வலிக்குமோ அங்கே, அதாவது பணப்பையில் அடிப்போம் என்பது அவர் விளக்கம். உத்தரவு கசிந்து உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. ஜூலை கடைசியில் டெல் அவீவ் முழுவதற்கும் நான்கு நாள் ஊரடங்கு. பால்காரன் முதல் ரபி வரை வரிசையில் நிற்கவைத்து முகம் பார்த்தார்கள். இர்குன் தலைவர் மெனாஹெம் பெகின் தன் வீட்டில் மறைவறை ஒன்றுக்குள் தண்ணீரில்லாமல் நான்கு நாளும் கிடந்தார். சிப்பாய்கள் வெளியே அவர் தோட்டத்திலேயே முகாமிட்டிருந்தார்கள். லேஹி இயக்கத்தின் யிட்ஸாக் ஷமீருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ரபி வேடத்தில் இருந்தும் அடர்ந்த புருவம் காட்டிக்கொடுத்துவிட்டது.

இருவரும் பின்னாளில் இஸ்ரேலின் பிரதமர்கள். ஓர் ஊரையே ஒருவனுக்காகக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1987-இல் முதல் இண்டிஃபாடா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சி வெடித்து, மேற்குக் கரையிலும் காசாவிலும் 119ஆம் விதியின்கீழ் வீடுகள் நூற்றுக்கணக்கில் விழுந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் ஷமீர்.

நடுவே என்ன நடந்தது?

பிரிட்டன் 1948 மே 12 அன்று, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக, இந்த விதிகளை ரத்துசெய்து லண்டனில் ஆணையிட்டது. ஆனால் அது பாலஸ்தீன அரசிதழில் வெளியாகவில்லை. வெளியாகாத ரத்து செல்லாது, ஆகவே விதிகள் உயிரோடுதான் இருக்கின்றன என்பது இஸ்ரேலின் நிலை. புதிய நாடு அவற்றை வாரிசுச் சொத்து போல எடுத்துக்கொண்டது. 1966 வரை இஸ்ரேலின் சொந்த அரபுக் குடிமக்கள் வாழ்ந்த ராணுவ ஆட்சி இந்த விதிகளின் மேல்தான் நின்றது.

எதிர்ப்பே இல்லை என்று சொல்லமுடியாது. 1951-இல் தீவிர மதப்பற்றுள்ள யூத இளைஞர்கள் சிலரை இதே விதிகளின்கீழ் காவலில் வைத்தபோது நாடாளுமன்றமான க்னெசெட்டில் புயல் அடித்தது. எதிர்க்கட்சியில் இருந்த பெகின் கொதித்தார். இந்த விதிகள் ஜனநாயக நாட்டின் அடிப்படைக்கு முரணானவை, இவற்றை நீக்க மசோதா தயாரிக்கவேண்டும் என்று அந்த மே மாதம் க்னெசெட் தீர்மானம் நிறைவேற்றியது. மசோதா வரவேயில்லை. ஷபிரா 1948-லேயே அரசின் முதல் தலைமை வழக்கறிஞராகி, 1966-இல் நீதி அமைச்சரும் ஆனார். 1967 ஜூனில் மேற்குக் கரையும் காசாவும் ராணுவத்தின் கைக்கு வந்தபோது அமைச்சர் அவர்தான். 119ஆம் விதி மீண்டும் வேலையில் சேர்ந்தது.

இடையில் கிப்யாவைச் சொல்லாமல் போகமுடியாது. 1953 அக்டோபரில் எல்லை தாண்டி வந்தவர்கள் யெஹூத் என்ற ஊரில் வீசிய குண்டில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அக்டோபர் 14 இரவு, ஏரியல் ஷரோன் தலைமையில் படை ஒன்று ஜோர்டான் வசமிருந்த கிப்யா கிராமத்துக்குள் போய் 45 வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. 69 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குண்டு வீசியவர்கள் கிப்யாக்காரர்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பிரதமர் பென் குரியன் வானொலியில் பேசும்போது, இது ராணுவத்தின் வேலை அல்ல, கொதித்துப்போன எல்லையோரக் குடியேற்றக்காரர்களின் வேலை என்று சொல்லிவிட்டார். ஐ.நா. பாதுகாப்பு அவை கண்டித்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு இதன் தத்துவத்தை வெளிப்படையாகச் சொன்னவர் ராணுவத் தலைமைத் தளபதி மோஷே தயான். ஒவ்வொரு தண்ணீர்க் குழாயையும் மரத்தையும் உறங்கும் குடும்பத்தையும் நாம் காவல்காக்க முடியாது; ஆனால் நம் ரத்தத்துக்கு மிக உயர்ந்த விலை வைக்கமுடியும் என்பது அதன் சாரம். விலை கொடுக்கப்போவது யார் என்பதில் அந்தத் தத்துவம் அக்கறை காட்டவில்லை.

கிப்யாவுக்குப் பிறகு ஜெருசலேமில் ஒரு மனிதர் எழுதினார். யெஷாயாஹு லைபோவிட்ஸ், அறிவியல் பேராசிரியர், ஆசாரமான யூதர், யாரோடும் ஒத்துப்போகாத வாய். அவர் எடுத்துக்கொண்டது ஆதியாகமத்தின் சீகேம் கதை. தங்கை தீனாளைக் கெடுத்தவனுக்காகச் சிமியோனும் லேவியும் அவன் ஊரில் இருந்த ஆண்களையெல்லாம் வெட்டிப்போட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமற்றதா? தந்தை யாக்கோபிடம் அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் மரணப்படுக்கையில் அந்த இருவரின் கோபத்தையும் அவர் சபித்தார். லைபோவிட்ஸ் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கிப்யாவுக்கு நூறு நியாயம் சொல்லலாம், அவை எல்லாமே சரியாகக்கூட இருக்கலாம். அப்படியும் செய்யக்கூடாதவை உண்டு. அதிகாரமில்லாத காலத்தில் யூதர்களின் அறம் சோதிக்கப்படவேயில்லை. கையில் துப்பாக்கி வந்த பிறகுதான் பரீட்சை தொடங்குகிறது என்றார். இந்த விவகாரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் திரும்பத் திரும்பப் போவது இந்தக் கட்டுரைக்குத்தான். எதிராளியின் வாதத்தை முழுவதும் ஒப்புக்கொண்டு, அப்புறமும் இல்லை என்று சொல்பவர்கள் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? 1907-இன் ஹேக் விதிகளில் 50ஆவது, தனிநபர்களின் செயலுக்காக மக்கள் மேல் பொதுத் தண்டனை விதிக்கக்கூடாது என்றது. 1949 ஆகஸ்டில் வந்த நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு இன்னும் இறுக்கமானது: தான் செய்யாத குற்றத்துக்கு யாரையும் தண்டிக்கக்கூடாது; கூட்டுத் தண்டனைக்கு முழுத்தடை. நாஜிகள் ஐரோப்பியக் கிராமங்களில் செய்தவற்றைப் பார்த்துவிட்டு எழுதிய வரிகள் அவை. இஸ்ரேல் அதில் கையெழுத்திட்டிருக்கிறது.

1968 மார்ச்சில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் பிரதமர் அலுவலகத்துக்கு ரகசியக் குறிப்பு ஒன்று அனுப்பினார். போலந்தில் பிறந்து, நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாமில் சிறுவயதைக் கழித்தவர். வீடுகளை இடிப்பதும் ஆட்களை நாடுகடத்துவதும் ஜெனீவா உடன்படிக்கைக்கு முரணானவை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். குறிப்பு கோப்பில் உறங்கியது. அரசு ஏற்றுக்கொண்டது ராணுவத் தலைமை வழக்கறிஞர் மெயிர் ஷம்காரின் வாதத்தை: மேற்குக் கரை சட்டப்படி எந்த நாட்டுக்கும் சொந்தமாக இருந்ததில்லை, ஆகவே உடன்படிக்கை கட்டாயமல்ல, அதன் மனிதாபிமானப் பகுதிகளை நாமாக முன்வந்து கடைப்பிடிப்போம். 119ஆம் விதி முன்பிருந்தே அந்த மண்ணில் இருந்த உள்ளூர்ச் சட்டம் என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. ஷம்கார் பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைவரானார்.

அந்த நீதிமன்றம் இதை எப்படி எதிர்கொண்டது என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்தும் பகுதி. அது கண்ணை மூடிக்கொண்ட நீதிமன்றம் அல்ல. 1989-இல், இடிக்கும் முன் குடும்பம் முறையிட அவகாசம் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒரு நடைமுறை உருவானது. பொறியாளர்கள் இரவில் வந்து சுவரை அளப்பார்கள், துளையிடுவார்கள். பிறகு ஆணை வரும். தளபதியிடம் ஆட்சேபணை, அப்புறம் நீதிமன்றத்தில் மனு. மனு தள்ளுபடியானதும் படை வரும். அடுக்குமாடியில் ஒரே ஒரு தளம்தான் குறி என்றால் அந்தத் தளத்தை மட்டும் வெடிப்பார்கள், அல்லது அறைகளைக் கான்கிரீட்டால் நிரப்புவார்கள். மேல்வீட்டுக்காரர் சுவரில் விரிசல் விட்டால் அது தற்செயல். எல்லாம் முறைப்படி. தாக்குதல் நடத்தியவன் அநேகமாக இறந்திருப்பான், அல்லது ஆயுள் சிறையில் இருப்பான். ஆணையைக் கையில் வாங்குபவள் அவன் தாய் அல்லது மனைவி.

நீதிமன்றம் பிடித்துக்கொண்ட வாதம் இது: வீட்டை இடிப்பது தண்டனையே அல்ல, தடுப்பு நடவடிக்கை. அடுத்துக் குண்டு கட்டப்போகிறவன் தன் குடும்பத்தை நினைத்துத் தயங்கவேண்டும் என்பதற்காக. கொஞ்சம் நின்று யோசித்தால் இந்த வாதம் தன்னையே காட்டிக்கொடுப்பது புரியும். குடும்பம் குற்றத்தில் பங்காளி என்றால் குடும்பத்தைக் கைதுசெய்து விசாரிக்கலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. இந்த அச்சுறுத்தல் பலிக்கவேண்டுமானால் அவன் நேசிக்கிற, ஒன்றும் அறியாத ஆட்கள் அந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும். அவர்கள் எவ்வளவு நிரபராதியோ அவ்வளவு பயம். அவர்களின் நிரபராதித்தனம் இங்கே தடையல்ல, அதுவே மூலப்பொருள். ஏறக்குறைய இதைத்தான் பிணைக்கைதி பிடிப்பவனும் செய்கிறான்.

1997 மார்ச்சில் டெல் அவீவ் கஃபே ஒன்றில் தற்கொலைக் குண்டு வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். குண்டுதாரியின் வீட்டில் மனைவியும் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வழக்கில் நீதிபதி மிஷாயேல் ஹெஷின் பெரும்பான்மையோடு சேரவில்லை. ஒவ்வொருவரும் தன் பாவத்துக்கே சாகவேண்டும் என்ற வேதக் கொள்கையை எடுத்துவைத்தார். சிறுபான்மைத் தீர்ப்பு, வீடு போனது.

சரி, தடுப்பு வேலை செய்கிறதா? ராணுவமே இந்தக் கேள்வியைக் கேட்டது. இரண்டாம் இண்டிஃபாடாவில் 2001-லிருந்து 2005 தொடக்கம்வரை 600-க்கும் மேற்பட்ட வீடுகள் தண்டனையாக இடிக்கப்பட்டிருந்தன. மேஜர் ஜெனரல் உடி ஷானி தலைமையிலான ராணுவக் குழு, இதனால் கிடைத்த பயனைவிட வளர்ந்த வெறுப்பு பெரிது என்ற முடிவுக்கு வந்தது. 2005 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஷாவுல் மொஃபாஸ் இடிப்பை நிறுத்தினார். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பின்னாளில் இஸ்ரேலியப் பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் அதே காலத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தபோது, குண்டுதாரிகளின் வீடுகளை இடித்த பிறகு தற்கொலைத் தாக்குதல்கள் சற்றுக் குறைந்ததாகவும், அந்த விளைவு சீக்கிரமே கரைந்துபோனதாகவும், பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பொதுவாக வீடுகளை இடித்தபோது தாக்குதல்கள் கூடியதாகவும் கண்டார்கள். 2002-இல் சதாம் ஹுசேன் குண்டுதாரிகளின் குடும்பத்துக்கு 25,000 டாலர் கொடுத்ததையும், பாலஸ்தீன அதிகார அமைப்பு கைதிகளின் குடும்பங்களுக்கு உதவித்தொகை தந்ததையும் இஸ்ரேல் சுட்டிக்காட்டுகிறது: ஒரு பக்கம் பரிசு இருந்தால் மறுபக்கம் இழப்பு இருக்கவேண்டாமா என்று. காதில் விழவேண்டிய கேள்வி. ஆனால் 2014 ஜூனில் மூன்று இஸ்ரேலிய இளைஞர்கள் கடத்திக் கொல்லப்பட்டபோது இடிப்பு மறுபடி தொடங்கியது புதிய ஆய்வு எதையும் வைத்து அல்ல. நாடு கொதித்தது, அரசு எதையாவது செய்தாகவேண்டியிருந்தது. 119ஆம் விதியின் நீண்ட ஆயுளுக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். எதிரியைப் பயமுறுத்துகிறதோ இல்லையோ, சொந்த மக்களைச் சாந்தப்படுத்துகிறது.

அடுத்த மாதமே ஜெருசலேமில் 16 வயது பாலஸ்தீனச் சிறுவனை மூன்று யூதர்கள் கடத்தி உயிரோடு எரித்தார்கள். குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் வீடுகளையும் இடியுங்கள் என்று சிறுவனின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2017-இல் மனு தள்ளுபடியானது. காலம் கடந்துவிட்டது, யூதச் சமூகத்தில் அதே அளவு தடுப்புத் தேவை இல்லை என்பவை காரணங்கள்.

ஹெப்ரான் இதைவிடக் கசப்பானது. அங்குள்ள குகை ஆபிரகாமின் கல்லறை என்று யூதர்களும், இப்ராஹிம் நபியின் அடக்கத்தலம் என்று முஸ்லிம்களும் வணங்குகிறார்கள். சோதோம் நகரை அழிக்கவந்த கடவுளிடம், நல்லவர் 50 பேர் இருந்தால்? 10 பேர் இருந்தால்? என்று பேரம் பேசிய அதே ஆபிரகாம். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் தொழுகையில் இருந்தவர்கள் மீது கிர்யாத் அர்பா யூதக் குடியேற்றத்தைச் சேர்ந்த பாரூக் கோல்ட்ஸ்டீன் சுட்டதில் 29 பேர் இறந்தார்கள். ராணுவம் ஊரடங்கு போட்டது, பாலஸ்தீனர்களுக்கு. வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்கள் செத்தவர்களின் சொந்தக்காரர்கள். அந்நகரின் ஷுஹதா தெருக் கடைகள் மூடத்தொடங்கியதும் அப்போதுதான். கோல்ட்ஸ்டீனின் வீட்டை யாரும் இடிக்கவில்லை. இடித்திருக்கவும் கூடாது என்பேன்.

பதில் வந்தது. ஏப்ரல் 6 அன்று அஃபூலாவில் பேருந்தருகே ஹமாஸின் கார்குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். ஹெப்ரானுக்குப் பழி என்றார்கள். இறந்தவர்களில் கோல்ட்ஸ்டீனுக்கு யார் என்ன உறவு? இங்கேயும் ஒரு தத்துவம் தயாராக இருந்தது: இஸ்ரேலில் எல்லோரும் ராணுவத்தில் சேர்கிறார்கள், ஆகவே அங்கே சிவிலியன் என்று யாருமில்லை. மதகுரு யூசுஃப் அல்-கர்தாவி இதை மேடை மேடையாகச் சொன்னார். அரசு செய்தால் அதற்கு விதி எண் இருக்கிறது, இயக்கம் செய்தால் இல்லை; அதிகாரத்தின் அளவிலும் மலையளவு வித்தியாசம். ஆனால் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அவள் நாட்டின் கணக்கைத் தீர்ப்பதும், தாயிடம் மகனின் கணக்கைத் தீர்ப்பதும் ஒரே கணக்குமுறை.

காசாவில் கூட்டுத் தண்டனை வீட்டுக்கு வீடாக இல்லாமல் மொத்தமாக வந்தது. 2007-இல் ஹமாஸ் காசாவைக் கைப்பற்றியதும் இஸ்ரேல் அதைப் பகைப் பிரதேசமாக அறிவித்து எரிபொருளையும் மின்சாரத்தையும் குறைத்தது; எகிப்தும் ரஃபா வாசலைப் பெரும்பாலும் மூடிவைத்தது. மனிதாபிமானக் குறைந்தபட்சம் கிடைத்தால் போதும் என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு? பாதுகாப்பு அமைச்சகத்தில் ஒரு கணக்கே போட்டிருந்தார்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,279 கலோரி, அதற்கு இத்தனை லாரி. மனித உரிமை அமைப்பு ஒன்று வழக்காடி 2012-இல் அந்த ஆவணத்தை வெளியே கொண்டுவந்தது. அது வெறும் வரைவு, நடைமுறைப்படுத்தவில்லை என்றது அரசு. ஆனால் எல்லையில் சில காலம் பட்டை உள்ளே போனது, மல்லி போகவில்லை. ராக்கெட்டுக்கும் கொத்தமல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் விளக்கவில்லை. காசாவின் மக்கள் முழுவதும் தாங்கள் செய்யாததற்குத் தண்டிக்கப்படுகிறார்கள், இது கூட்டுத் தண்டனை என்று 2010 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. எதையும் வெளியே சொல்லாமல் வேலை பார்ப்பதையே வழக்கமாகக் கொண்ட அமைப்பு அது. அடுத்த ஆண்டு ஐ.நா. நியமித்த பால்மர் குழு, கடல்வழித் தடை சட்டபூர்வமானது என்றது. அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

2023 அக்டோபர் 7. ஹமாஸும் கூட்டாளிகளும் காசா எல்லையைத் தாண்டிச் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிணையாகப் பிடித்துப்போனார்கள். கொல்லப்பட்டவர்களில் பாலஸ்தீன நோயாளிகளைத் தங்கள் காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போய் வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட், முழு முற்றுகை என்றார். மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. அதிபர் ஐசக் ஹெர்சாக், அங்கே ஒரு தேசமே பொறுப்பாளி என்றார்; சிவிலியன்களைக் குறிவைப்பது நோக்கமல்ல என்று பிறகு விளக்கினார். இந்த வார்த்தைகளை 2024 ஜனவரி 26 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் உத்தரவில் எடுத்துக்காட்டியது. ஹமாஸ் மக்கள் நடுவே பதுங்குகிறது, உதவிப் பொருளைத் திருடுகிறது, இது போர், தண்டனை அல்ல என்பது இஸ்ரேலின் பதில். முதல் பாதியில் உண்மை உண்டு. 2025 மார்ச் 2 முதல் 11 வாரம் ஒரு மூட்டை மாவுகூட உள்ளே போகாதபடி மூடியதற்கு அந்தப் பதில் போதாது. காசா சுகாதார அமைச்சகத்தின் இறப்புக் கணக்கு அந்த ஆண்டிலேயே 60,000-ஐத் தாண்டியது.

2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் காலன்ட்டுக்கும் ஹமாஸின் முகமது தைஃபுக்கும் பிடியாணை பிறப்பித்தது. அந்தக் கோரிக்கையை முன்வைப்பதற்கு முன் வழக்குத்தொடுநர் கரீம் கான், ஆதாரங்களைச் சரிபார்க்க நிபுணர் குழு ஒன்றை வைத்திருந்தார். குழுவில் ஒருவர் 94 வயதான தியோடர் மெரோன். 1968-இல் ரகசியக் குறிப்பு எழுதிய அதே மெரோன். இஸ்ரேலியத் தலைவர்கள் மீதான பட்டியலில் பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தியது இருக்கிறது, கொலை இருக்கிறது, துன்புறுத்தல் இருக்கிறது. கூட்டுத் தண்டனை இல்லை. இருக்கவும் முடியாது: அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சட்டம் தன் போர்க்குற்றப் பட்டியலில் அதைச் சேர்க்கவேயில்லை. சியரா லியோனுக்காக அமைத்த சிறப்பு நீதிமன்றத்தின் சட்டத்தில் அது குற்றமாக எழுதப்பட்டிருந்தது. ஜெனீவாவின் 33ஆம் பிரிவு தடைசெய்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் ஹேக் நகரில் அந்தப் பெயரில் யார் மேலும் வழக்குப் போட வழியில்லை. 119ஆம் விதி இன்றும் மேற்குக் கரையில் அமலில் இருக்கிறது.

அடுத்த பகுதியில் இடிக்காமலேயே வீடுகளைக் கைமாற்றிய ஒரு சட்டத்தைப் பார்ப்போம்: 1950-இன் வராதோர் சொத்துச் சட்டம்.

(தொடரும்)